120 முறை குரைத்த நாய்

தீபாவளிக்கு முந்தின வாரம் பள்ளத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒன்பதே முக்கால். வழக்கமாக அந்த நேரத்தில் சீரியல் சத்தம் இரண்டாம் கட்டில் கிளம்பி, வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, சுற்றி, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் காது வரைக்கும் வரும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. உள்ளே போனால் டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒலியைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். மாமியார்க்காரி என்ன சதி செய்கிறாள் என்பதைத் தங்கச்சி உதட்டசைவை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்த மாப்பிள்ளை, அது தரையில் தட்டிவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்து, பச்சைப் பிள்ளையைப் படுக்கவைப்பது போல வைத்தார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுண்ணே. தம்பிக்கு ஆடியோ ஓடுது."

தம்பி என்பது தங்கச்சி மகன், என் மருமகன். பிளஸ் டூ படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் வேதியியலில் 41. அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட, அங்கே ஒரு 'மனவளப் பயிற்சியாளர்' விற்ற ஞாபகசக்தி ஆடியோவைத் தங்கச்சி 2,400 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறாள். கேட்டால் மழைச் சத்தமும் புல்லாங்குழலும்தான். ஆனால் அதற்கு அடியில், காதுக்கு எட்டாத அலைவரிசையில், 'படித்தது மறக்காது', 'என்னால் முடியும்' என்று ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் ஓடுகின்றனவாம். மேல்மனத்துக்குத் தெரியாமல் ஆழ்மனத்துக்குள் இறங்கி வேலை செய்யுமாம். சப்ளிமினல்.

எனக்குத் தொழிலே சத்தம்தான். அப்பா மைக் செட் வைத்திருந்தார். கூம்பு ஸ்பீக்கரும் ரெக்கார்டுப் பெட்டியும் சைக்கிள் கேரியரில் போன காலம் அது. நான் இப்போது காரைக்குடியில் மிக்சரும் பாக்ஸும் வாடகைக்கு விடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஒலி அமைத்து அமைத்துக் காது பாதி போய்விட்டது. கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல், வளவைச் சுற்றிக் கருங்கல் தூண் என்று அந்த வீடுகளில் எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், ஊளையிட ஆரம்பித்துவிடும். தங்கச்சி குடும்பம் இருப்பதும் அப்படி ஒரு வீட்டில்தான். அவர்களுடையது இல்லை. சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் மாப்பிள்ளைதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சத்தத்தை வைத்து இருபத்தைந்து வருஷமாகச் சோறு தின்பவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சத்தம் வாங்கியிருக்கிறாளே என்பதுதான் எனக்கு முதலில் வந்த கோபம். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

16,000-த்தில் ஒரு மதில்

அந்தக் கோப்பை என் மடிக்கணினியில் பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அதைத் திறந்து பார்த்தேன். ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கீழே தடித்த சத்தம், மேலே மெல்லிய சத்தம், குறுக்கே நேரம். மனிதப் பேச்சு இருந்தால் மறைக்க முடியாது, அடுக்கடுக்காகக் கோடு போட்டுக் கோலம் மாதிரித் தெரியும்.

வாங்கியவர்களுக்கு அனுப்பிய விளக்கத்தில் 17,500 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தார்கள். கோப்போ 128 கேபிபிஎஸ் எம்பி3. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த வகைக் கோப்பில் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மேலே உள்ளதை வெட்டி எறிந்துவிடுவார்கள். படத்திலும் அப்படியேதான் இருந்தது. பதினாறாயிரம் வரைக்கும் மழை கொசகொசவென்று தெரிகிறது, அதற்கு மேல் மதில் கட்டினாற்போல ஒரு நேர்க்கோடு, அப்புறம் கன்னங்கரேலென்று வெறுமை. வாக்கியங்களை அவர்கள் ஒருவேளை உண்மையாகவே வைத்திருந்தாலும், கோப்பைச் சுருக்கும்போது அவர்களே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சரி, மழைக்கு அடியிலாவது ஏதாவது குரல் இருக்கிறதா என்று வடிகட்டி வடிகட்டிப் பார்த்தேன். கோடும் இல்லை, கோலமும் இல்லை.

இருந்தது ஒரு நாய். மூன்று நிமிடம் நாற்பதாவது நொடியில் தூரத்தில் ஒரு நாய் ஒரே ஒரு முறை குரைக்கிறது. ஏழு நிமிடம் நாற்பதில் அதே நாய், அதே குரைப்பு. பதினொன்று நாற்பதில் மறுபடியும். நான்கு நிமிட மழையை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி எட்டு மணி நேரம் ஆக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் என் மருமகனின் தலைமாட்டில் அந்த நாய் ஒரு ராத்திரிக்கு 120 முறை குரைத்திருக்கிறது. அந்த ஆடியோவில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்தது அது ஒன்றுதான்.

இந்தப் பதினேழாயிரம் கதையும் புதிதல்ல. பேச்சைக் காதுக்கு எட்டாத அலையில் ஏற்றி அனுப்பும் முறைக்கு 1992-லேயே அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். விற்பவர்கள் அதை நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். காப்புரிமை கிடைத்துவிட்டது என்பதற்காக அது வேலை செய்யும் என்று ஆகாது. கொடைக்கானல் எஃப்எம் அலை நாள் முழுக்க நம் மண்டைக்குள் புகுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. பெட்டி இல்லாமல் பாட்டுக் கேட்கிறதா? அலையில் ஏற்றிய பேச்சை இறக்கிவைக்க ஒரு கருவி வேண்டும், காதுக்குள் அப்படி ஒன்று கிடையாது. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் மயிர்ச் செல்கள். ஒலி அவற்றை அசைத்தால் மூளைக்குச் செய்தி போகும், அசைக்காவிட்டால் போகாது. ஆழ்மனத்துக்கென்று புறவாசலில் தனிக் காது வைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனை உட்காரவைத்து ஒரு சோதனை செய்தேன். மடிக்கணினியில் 8,000 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான சத்தம், இரண்டு பேருக்கும் கேட்டது. 12,000-த்தில் எனக்குச் சந்தேகமாக இருந்தது. 15,000-த்தில் எனக்கு ஒன்றுமே இல்லை, பாக்ஸ் அணைந்துவிட்டதோ என்று பார்க்கிறேன், அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நிப்பாட்டுங்க மாமா, காது கூசுது" என்கிறான். வயது ஏற ஏற மேல்சத்தம்தான் முதலில் போகும். இங்கிலாந்தில் கடை வாசலில் கூட்டம் போடும் பையன்களை விரட்டுவதற்கென்றே 17,400 ஹெர்ட்ஸில் கீச்சிடும் பெட்டி ஒன்று விற்றார்கள், பெரியவர்களுக்குக் கேட்காது. ஆக, உயர்ந்த அலைவரிசை என்பது ஆழ்மனத்தின் ரகசிய மொழியெல்லாம் இல்லை. பிள்ளைகளுக்குக் கேட்கும், கிழவனுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

இரண்டு பக்கத் தாள்

இவ்வளவையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுக்கும்போதுதான் தங்கச்சி அந்தத் தாளைக் காட்டினாள். ஆடியோவோடு வந்த 'கடைப்பிடிக்க வேண்டியவை'. பிரிண்ட் எடுத்துப் பூஜை அலமாரியில் சொருகி வைத்திருந்தாள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீட்டில் சத்தம் கூடாது. மாணவரின் செல்போன் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது, அதன் கதிர்கள் ஆடியோவைக் குழப்பிவிடும், ஆகவே சின்ன ஸ்பீக்கரில் மெமரி கார்டு போட்டுத்தான் கேட்க வேண்டும். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். ஐந்தரைக்கு முன் எழுப்பக் கூடாது. பொழுது சாய்ந்தபின் மாணவரைப் பற்றி வீட்டில் யாரும் எதிர்மறை வார்த்தை பேசக் கூடாது, பேசினால் அன்றைய ஆடியோவின் பலன் அற்றுப்போகும்.

இரண்டு முறை படித்தேன். விற்றவன் முட்டாள் இல்லை என்று புரிந்தது. ஒரு மாதத்துக்கு முன்புவரை இந்தப் பையன் ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கிடப்பான். காலையில் அரைத் தூக்கத்தில் டியூஷனுக்கு ஓடுவான். மாப்பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டில்தான் அவன் மார்க்கை எடுத்துவைத்துப் பேசுவார், அதைக் கேட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போவான். நானும் தங்கச்சியும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறோம், அவர் கேட்டதில்லை. இப்போது ஆடியோவின் பலன் போய்விடும் என்று பயந்து மனிதர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பையன் ஏழரை மணி நேரம் தூங்குகிறான். படித்தது மனத்தில் தங்குவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைச் சொல்ல எந்தப் பயிற்சியாளரும் தேவையில்லை. மனத்தைக் கட்டுப்படுத்தும் ஒலி என்று ஒன்று உண்டு என்றால் அந்த வீட்டில் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கட்டுப்பட்டவன் பையன் இல்லை. அவனைச் சுற்றியிருந்த அத்தனை பேரும்.

இப்போது நான் போய் நாய்க் கதையைச் சொன்னால் என்ன ஆகும்? ஆடியோ போகும், தாளும் கூடவே போகும், ஒன்பதரைக்கு டிவி அலறும். அரையாண்டுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குள் இருக்கும் மைக் செட்காரன் விடவில்லை.

1991-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியை முன்பே படித்திருந்தேன். அமெரிக்காவில் அந்தோணி கிரீன்வால்டும் கூட்டாளிகளும் செய்தது. கடையில் விற்ற சப்ளிமினல் கேசட்டுகளில் இரண்டு வகை எடுத்தார்கள், ஒன்று ஞாபகசக்திக்கு, மற்றது தன்னம்பிக்கைக்கு. பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கேட்டபின் சோதித்துப் பார்த்தால் எந்தக் கேசட்டும் எதையும் கூட்டவில்லை. ஆனால் கேட்டவர்களில் பாதிப் பேர் லேபிளில் என்ன எழுதியிருந்ததோ அதில் தங்களுக்கு முன்னேற்றம் என்று சொன்னார்கள். உள்ளே இருந்த கேசட் என்ன என்பதற்கும் அவர்கள் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை.

என்னிடம் ஒரு மழை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாரம்பரிய ஹோட்டல்காரர் வரவேற்பறையில் போடுவதற்கு மழைச் சத்தம் கேட்டார் என்று, அதே பள்ளத்தூர் வீட்டின் வளவில் உட்கார்ந்து ஐப்பசி மழையை ஐம்பது நிமிடம் பதிவு செய்திருந்தேன். ஓட்டிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் வளவுக்குள் விழுகிற சத்தம், மூலையில் குழாயிலிருந்து அண்டாவில் சொட்டுகிற சத்தம். அதை நீட்டி எட்டு மணி நேரமாக்கி, அதே பெயர் வைத்து, தீபாவளிக்குப் போனபோது மெமரி கார்டில் மாற்றிவிட்டேன். கிரீன்வால்ட் செய்தது ஆராய்ச்சி. நான் செய்தது சுத்தத் திருட்டு வேலை, அதைத் தெரிந்தேதான் செய்தேன். பழைய கோப்பில் இருந்த புல்லாங்குழல்கூட இதில் இல்லை. அதையாவது கண்டுபிடித்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன்.

படி, படி

பத்து நாள் கழித்து மருமகன் காரைக்குடிக்கு வந்தான். கடையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். நானாகக் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "மாமா, இப்பல்லாம் மழைக்குக் கீழ ஒரு அம்மா பேசுறது கேக்குது. 'படி, படி'ன்னு. முன்னாடி இவ்வளவு தெளிவா இல்ல. காது பழகிருச்சு போல."

கேபிளைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கியபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் மழையை முதலிலிருந்து கேட்டேன். நான் பதிவு செய்த மழை. எந்த மைக், எங்கே வைத்தேன், ஈரம் படாமல் எந்தத் துண்டைச் சுற்றினேன் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அன்றைக்கு யாருமே இல்லை, மாப்பிள்ளை குடும்பம் திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. கேட்டேன். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை, மழை மழையாகத்தான் இருந்தது. அப்புறம் அண்டாவில் விழும் சொட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு கனத்த சொட்டு, கூடவே ஒரு சின்னச் சொட்டு. கனத்தது, சின்னது. 'ப-டி.' கொஞ்சம் இடைவெளி. 'ப-டி, ப-டி.' பித்தளை அதிர்கிற அதிர்வில் அது நிஜமாகவே ஒரு பெண்ணின் குரல் மாதிரி, கொஞ்சம் மூக்கால் பேசுகிற ஒரு வயதான பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி மாட்டினேன். இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தைத் திறந்து பார்த்தேன், வெறும் சொட்டுதான், குரலின் கோடு எதுவும் இல்லை. கண்ணுக்கு இல்லை என்று தெரிகிறது, காது கேட்கிறது என்கிறது. இதை எழுதும் இன்றுவரைக்கும் அந்தப் பதிவை என்னால் வெறும் மழையாகக் கேட்க முடிவதில்லை. அந்த ஹோட்டல் வரவேற்பறைக்கு வேலையாகப் போனால்கூட அவள் படி என்கிறாள்.

அக்காக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அக்கா, அக்கா' என்று கூப்பிடுகிறது என்று சின்ன வயதில் யாரோ ஒரு முறை சொன்னதுதான், அதற்கப்புறம் அந்தப் பறவை நமக்கு வேறு எதையும் சொன்னதில்லை. பாட்டைத் திருப்பிப் போட்டால் பிசாசு பேசுகிறது என்ற புரளியும் இதே கதைதான். கனடாவில் ஜான் வோக்கி, டான் ரீட் என்ற இருவர் 1985-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். திருப்பிப் போட்ட பேச்சைக் கொடுத்து என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் பொருள் பிடிபடவில்லை. இன்ன வாக்கியம் வருகிறது, கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கேட்டது. அமெரிக்காவின் ரீனோ நகரில் 1990-ல் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற இசைக்குழுவின் மேல் பெரிய வழக்கே நடந்தது. இரண்டு இளைஞர்களின் சாவுக்குப் பாட்டில் ஒளித்துவைத்த வார்த்தைதான் காரணம் என்று குடும்பத்தார் போட்ட வழக்கு. அந்த வார்த்தை, ஒலிகள் தற்செயலாகச் சேர்ந்ததில் கேட்பதுதான், யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். முன்பு அதைப் படித்தபோது அந்தப் பெற்றோரைப் பற்றி ஒரு இளக்காரம் இருந்தது எனக்கு. அண்டாச் சொட்டு அதைத் துடைத்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய், இந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்கிறது பாருங்கள் என்று யாராவது சொன்னால் அது கேட்காமல் இருக்குமா? எல்லாம் தெரிந்த எனக்கே கேட்கிறது.

பந்திக்கு ஒரு பாட்டு

மறைந்திருக்கும் ஒலிக்குச் சக்தியே இல்லையா என்றால், முழுக்க இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2005-ல் கூயிதேர், தூப்பூ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சொல்லை நன்றாகச் சுருக்கி, வேறு பேச்சொலிகளுக்கு நடுவே கேட்டவருக்கே தெரியாதபடி புதைத்து வைத்தார்கள். உடனே அதே சொல் வெளிப்படையாக வந்தபோது ஆட்கள் அதைக் கண நேரம் முன்னதாக அடையாளம் கண்டார்கள். மூளை ஏதோ பிடித்திருக்கிறது. அவ்வளவுதான், அந்தக் கணத்தோடு சரி. நெதர்லாந்தில் 2006-ல் குளிர்பானப் பெயரைத் திரையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் காட்டியபோது அது எடுபட்டது, ஆனால் ஏற்கெனவே தாகமாக இருந்தவர்களிடம் மட்டும். எல்லோரும் சொல்லும் பாப்கார்ன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சினிமாத் திரையில் 'பாப்கார்ன் சாப்பிடுங்கள்' என்று கண்ணுக்குத் தெரியாமல் மின்னவிட்டு விற்பனையைக் கூட்டினார்கள் என்பது. 1957-ல் அதைக் கிளப்பிவிட்ட ஜேம்ஸ் விகாரியே 1962-ல் அது விளம்பர வித்தை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். 1958-ல் கனடா தொலைக்காட்சியில் 'இப்போதே டெலிபோன் செய்யுங்கள்' என்று 352 முறை மின்னவிட்டுப் பார்த்தார்கள். போன் வரவில்லை. பலர் தங்களுக்குப் பசித்தது, தாகம் எடுத்தது என்று எழுதினார்களாம், பாப்கார்ன் கதை அதற்குள் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

எங்கள் அப்பா எதையும் ஒளித்து வைத்ததில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தி நகராமல் உட்கார்ந்திருக்கும், இரண்டாம் பந்திக்கு ஆட்கள் வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். சமையல்காரர் வியர்வையோடு எட்டிப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் விறுவிறுன்னு ஒண்ணு போடுங்கண்ணே" என்பார். அப்பா சோகப் பாட்டை எடுத்துவிட்டுக் குத்துப் பாட்டு ஒன்றைச் சுழலவிடுவார். இலைகள் மடங்கும். பாயசத்தை உறிஞ்சும் வேகமே மாறிவிடும் என்பார். சின்ன வயதில் அதை அப்பாவின் பெருமையடிப்பு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ரொனால்ட் மில்லிமன் என்ற பேராசிரியர் ஓர் உணவகத்தில் இதையே அளந்து 1986-ல் எழுதியிருக்கிறார். மெதுவான இசைக்குச் சராசரியாக 56 நிமிடம் உட்கார்ந்தவர்கள், வேகமான இசைக்கு 45 நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். 1997-ல் இங்கிலாந்துக் கடை ஒன்றில் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 புட்டி, ஜெர்மன் ஒயின் 8. ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் 22, பிரெஞ்சு 12. வாங்கியவர்களைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். எல்லாமே நன்றாகக் காதில் விழுந்த சத்தம். ஆழ்மனம், அலைவரிசை ஒன்றும் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தின்போது பம்பையும் உடுக்கையும் உச்சத்துக்குப் போனால் கூட்டத்தில் சிலருக்கு அருள் வரும். அவர்களுக்குக் கேட்கும் அதே சத்தத்தை, பாக்ஸுக்கு இரண்டடி பக்கத்தில் நின்று அவர்களைவிடப் பலமாகக் கேட்கிறவன் நான். எனக்கு ஒரு வருஷமும் வந்ததில்லை. நான் வயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் நாள்கணக்கில் விரதம் இருந்து வந்திருக்கிறார்கள். நெதர்லாந்துத் தாகத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அதுதான்.

3 நிமிடம் 40 நொடி

அரையாண்டில் வேதியியலில் 63. தங்கச்சி பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனின் 63-ஐ ஒரு நாய்க்கும் ஒரு அண்டாவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்றுதான் வருத்தம். உட்கார்ந்து படித்தவன் அவன்.

மாசி மாதம் மறுபடி போன். "அண்ணே, இவுகளுக்குச் சர்க்கரைக்கு ஒரு ஆடியோ வந்துருக்கு. அதே ஆளுகதான். 3,600. நாப்பத்தெட்டு நாள் கேட்டா மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டிரலாமாம்."

வண்டியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். கோட்டையூர் தாண்டும்வரைக்கும் என்னைத்தான் திட்டிக்கொண்டு போனேன். தீபாவளிக்கே சொல்லியிருந்தால் இந்த 3,600 வந்திருக்காது. என் மழையும் சேர்ந்துதான் அந்தச் சரக்குக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

வளவில் பாயைப் போட்டு மூன்று பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மதிலைக் காட்டினேன். நாயை ஐந்தாறு முறை போட்டுக் காட்டினேன். அப்புறம், தீபாவளிக்குப் பிறகு ஓடியது என் மழை, இதே வளவில் விழுந்த மழை என்றும் சொல்லிவிட்டேன். மருமகன் எழுந்து மூலைக்குப் போய் அந்தக் குழாயையும் அண்டாவையும் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப முதல் ஒரு மாசம் அவன் கேட்டது ஒரிஜினல்தானண்ணே?"

"ஆமா."

"அதுலயே உள்ள இறங்கியிருக்கும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மாப்பிள்ளையிடம் திரும்பினேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, டாக்டர் சொல்லாமல் குறைக்கவும் கூடாது, இது ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள் என்றேன். "அட, அதெல்லாம் விடல மச்சான்" என்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அன்றைக்குக் காலை மாத்திரை வரைக்கும் பிய்த்திருந்தது. பணத்தை நேற்றே கட்டிவிட்டதாகவும் சொன்னார், கொஞ்சம் வெட்கத்தோடு.

சர்க்கரை ஆடியோ தங்கச்சியின் போனில் இருந்தது. போடச் சொன்னேன். மழை, புல்லாங்குழல். நாலு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மூன்று நிமிடம். மூன்றரை. மருமகன் விரல்விட்டு நொடியை எண்ணினான். மூன்று நிமிடம் நாற்பதாவது நொடியில் குரைத்தது.

"அதே நாய்தான்" என்றான் அவன். மாப்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டார்.

தங்கச்சி போனை எடுத்துக் காதோரம் வைத்து, பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். "இல்லண்ணே. இது கொஞ்சம் தள்ளிக் குரைக்குதுல்ல?"